புரட்டாசியில் ஒரு தவளை மீன்

செப்டம்பர் 22, திங்கள்

காலையிலேயே புழுக்கம். துணி காயவில்லை.

வேலைகள்: தண்ணீர் கேன் சொல்ல. உப்புத் தண்ணீர் கலக்க. தொட்டிக் கண்ணாடி துடைக்க. எட்டு மணிக்குள் தவளை மீனுக்கு இறால்.

இன்றும் சாப்பிடவில்லை. கடையில் உயிருள்ள குஞ்சு மீன்களைப் போட்டே பழக்கிவிட்டார்கள். அவை நல்ல தண்ணீர் மீன்கள். அவற்றையே தின்றால் கடல் மீனுக்கு ஈரல் கெட்டுவிடுமாம். அதனால் நிறுத்திவிட்டேன். இனி இறால்தான். மூங்கில் குச்சி நுனியில் குத்தி, நீந்துவது போல அதன் முகத்துக்கு முன் ஆட்ட வேண்டும். கை கடுக்க ஆட்டினேன். ஆரஞ்சு நிறப் பாசி பிடித்த கல்லாகவே உட்கார்ந்திருக்கிறது. கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

புரட்டாசி என்பதால் இறால் டப்பா எங்கள் ஃப்ரிட்ஜில் இல்லை. கீழ்வீட்டு மேரி அக்காவிடம்.

பிரபு பெங்களூரில். வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமா தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரே கிண்டல். "இன்னாமா இது, துட்டு குடுத்து கல்லு வாங்கினு வந்து, அதுக்கு ஊட்டி வேற உட்றே."

செப்டம்பர் 25, வியாழன்

மீட்டிங் நடுவில் மாமா கூப்பாடு. "வனிதா! நவுருதுமா! கை ஊனிகினு நடக்குது!" ஓடினேன். அதற்குள் பழையபடி கல். டிவி போடுவதையே விட்டுவிட்டார், இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அத்தை இருந்தவரை புரட்டாசியில் மாமா ஆவடி பக்கம் போய் ஒளிந்து பிரியாணி தின்றுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வருவாராம். அத்தை போனபின் முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடுவதில்லை. கேட்க ஆளில்லாதபோது இவ்வளவு ஒழுங்கு. மனசு என்னவோ செய்கிறது.

மீனுக்கு வயிறு ஒட்டிவிட்டது. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

பெருமாளுக்குத் தளிகை. பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல். மாமா நாமம் போட்டுக்கொண்டு கோவிந்தா போட்டதில் எதிர் பிளாக்கில் நாய் குரைத்தது. மதியம் ஆபீஸ் அழைப்பு, எழுந்திருக்கவே விடவில்லை. மாலை இடி மட்டும். மழை ஏமாற்றிவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தொட்டி முழுக்கப் பால் வெள்ளை. மீன் கல்லை விட்டு மேலே வந்து, மூலையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. மணலில் குழைந்த சோறு. ஒரு முந்திரி!!

மாமா பின்னால் நிற்கிறார். "நான்தாம்மா. நாமல்லாம் துன்னுகினு கீறோம், அது மட்டும் பட்டினியா கெடக்குதேனு... ஒரு உருண்டதான். சாமிக்கு வெச்ச பொங்கலு, ஒண்ணியும் ஆவாதுன்னு நெனச்சேன்."

கத்திவிட்டேன். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மாமாவை.

அவர் முட்டி வலியோடு கீழிருந்து கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். வாளியில் உப்பு கரையும்வரை கலக்கிக்கொண்டே இருந்தார். பாதித் தண்ணீர் மாற்றியாயிற்று. காற்று பம்பு இன்னொன்று போட்டேன். மதியம் அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன் கல்லுக்குத் திரும்பிவிட்டது. மாமா திரும்பவில்லை. நாற்காலி பால்கனியில். ஹாலைக் கடக்கும்போது தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, அதுக்கின்னாமா" என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

பிரபு போனில்: "நேத்து எனக்குப் போன் பண்ணி அழுவுறாரு வனி. அந்தப் பொண்ணு புள்ள மாரி வளத்துது, நான் கொல்லப் பாத்துட்டேன்டாங்கறாரு."

மீன் இருந்தால் என்ன, செத்தால் என்ன, இவர் பழையபடி கிண்டல் செய்தால் போதும் என்று தோன்றியது. அப்புறம் மீனைப் பார்த்தேன். அதுவும் வேண்டும்.

இறாலை இன்றும் தொடவில்லை.

அக்டோபர் 4, சனி

மழை. காய்கறிக்குப் போய் நனைந்து வந்தேன். கதவு சாத்தாமல் கிடக்கிறது. உள்ளே மாமா, நெற்றியில் நாமம், வேட்டியை மடித்துக் கட்டி, ஸ்டூல் மேல். கையில் மூங்கில் குச்சி, நுனியில் இறால். பக்கத்தில் மேரி அக்கா டப்பாவோடு.

நான் மும்முரமாக ஆட்டுவேன். இவர் அப்படி இல்லை. கொஞ்சம் ஆட்டுவார், நிறுத்துவார், பின்னால் இழுத்துக்கொள்வார். "வா கண்ணு. ஒரே ஒரு வாய். அந்தப் பொண்ணு மொகத்துக்காவது துன்னு."

மீன் தன் தலையில் தூண்டில் போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை ஆட்டியது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. குச்சி வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

"துன்னுச்சு! மேரி, துன்னுச்சு!" திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். "துன்னுச்சும்மா" என்று மெதுவாகச் சொல்லி, ஈரக் கையை என் தலையில் வைத்தார். நான் அழுதேன், மேரி அக்கா முன்னாலேயே.

உடனே அவருக்குப் பதற்றம். "அய்யய்யோ, சனிக்கெழமையும் அதுவுமா கவுச்சிக் கை. போம்மா, தலைக்கு ஊத்திகினு வா."

போகவில்லை. இதை எழுதும்போதும் முடியில் இறால் வாசனை.