உனக்குக் கிடைக்காத ஏற்பிகள்

தம்பி,

இன்று மதியம் ஒரு முழங்கையைப் பார்த்தேன். எங்கள் ஆய்வகக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த குழந்தை மருத்துவர் ஒருவர் திரையில் காட்டிய படம். முகம் இல்லை, பெயர் இல்லை. சின்னப் பிள்ளையின் மடக்கிய முழங்கை மட்டும். அதன்மேல் கொண்டைக்கடலை அளவில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகள். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது உன் முழங்கை. இலஞ்சி வீட்டில் நாம் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது என்னை இடித்துக்கொண்டே இருக்குமே, அது. கூட்டம் முடியும்வரை எப்படியோ உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததிலிருந்து மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசியதை எழுதியாவது வைப்போம் என்று தோன்றியது.

அம்மா அதை மரு என்றுதான் நினைத்தாள். உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி, உன் தலையைச் சுற்றி, கோயில் குளத்தில் போட்டுவிட்டு வரச் சொல்வாள். நீ ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்து, "கரைஞ்சிட்டும்மா" என்பாய். கட்டிகள் கரையவில்லை. முழங்காலில் வந்தன, பிறகு குதிகாலுக்கு மேலே தசைநாணோடு சேர்ந்து தடித்தன. தென்காசியில் ஒரு தோல் மருத்துவர் பெரியவற்றை வெட்டி எடுத்தார். அடுத்த வருடமே திரும்ப வந்தன. பள்ளிக்கூடத்துக்கு எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போவாய். "ஏலே, கையை மடிச்சு விடேன், வேர்த்து ஊத்துது" என்று அப்பா சொன்னால், "எனக்குக் குளிருதுப்பா" என்பாய்.

அந்த அப்பாதான் ஒரு நாள் காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. தலையில் நரை கூட வராத வயது. மாரடைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே நமக்குத் தெரியாது.

நான் பெங்களூருக்குப் படிக்கப் போனேன். நீ வேன் ஓட்டப் பழகினாய். குற்றால சீசனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று சுற்றுவது உனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வேனில் ஏறும்போது, எல்லாருடைய முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று சொல்வாய். பிறகு ராயகிரியில் பெண் எடுத்தோம், உனக்கு ஒரு மகள் பிறந்தாள். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிய வந்தது நான் ஆய்வில் சேர்ந்த பிறகுதான். எங்கள் வேலை செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளைப் பற்றியது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய மேலுறை ஒன்று உண்டு. அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைத்தான் ஏற்பிகள் என்கிறோம். வெளியில் மிதந்து போகும் ஆயிரம் பொருள்களில் தனக்கு உரியதை மட்டும் அடையாளம் கண்டு பிடிப்பவை அவை. எத்தனையோ நோய்களுக்கு இன்று நாம் விழுங்கும் மாத்திரை ஏதோ ஒரு ஏற்பியைத் தேடித்தான் போகிறது. ஈரல் செல்லில் இருக்கும் ஒரு ஏற்பி ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஏற்பி பழுதானால் கொழுப்பு போக்கிடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். இதயக் குழாய்களில் படியும். தோலுக்கு அடியிலும் படியும். அந்தப் பாடத்தைப் படிக்கும்போது பக்கத்தைத் திருப்பினேன். ஒரு குதிகாலின் படம் இருந்தது.

உடனே உனக்கு போன் போட்டேன்.

"எங்கலே இருக்க?"

"ஐந்தருவியில. சவாரி குளிக்கப் போயிருக்கு. என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நாளைக்கு வெறும் வயித்துல போயி ரத்தம் குடு. கொழுப்பு எவ்வளவுன்னு பாக்கணும்."

"எனக்கா கொழுப்பு?" என்று சிரித்தாய். "என் இடுப்பப் பாத்துட்டுப் பேசுக்கா."

தென்காசி லேபில் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மெஷின் சரியாகத்தான் காட்டியது.

நான் ஊருக்கு வந்தேன். நம் வீட்டு வாசலில் நின்ற வேனுக்குள் உட்கார்ந்துதான் உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா காதில் விழக்கூடாது என்று. அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். அந்த ஏற்பியை உண்டாக்கும் மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. குடும்பத்தில் ஓடிய ஒரே பழுது இருவரிடமும் இருந்திருக்கிறது, ஆளுக்கு ஒரு பிரதியாக. ஒரு பிரதி பழுதானால் பாதி ஏற்பியாவது இருக்கும். உனக்கு இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்துவிட்டது. பரிசோதனையில் என்னுடையதையும் பார்த்தார்கள். எனக்கு இரண்டுமே நல்லவை.

நீ ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"அப்ப மாத்திரை இருக்கும்லா?"

"இருக்கு. ஆனா அது ஈரல்ல இருக்க ஏற்பிகளைக் கூட்டத்தான் செய்யும். உனக்கு…"

"கூட்டுததுக்கு ஒண்ணுமே இல்ல. அப்படித்தான?"

தலையை ஆட்டினேன். நீ கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒருமுறை பெங்களூருக்கு வந்தாய். பெரிய மருத்துவமனையில் உன்னைக் காட்டிவிட்டு, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாய். உன்னுடையதைப் போலவே ஏற்பி இல்லாத செல்களை நாங்கள் ஒரு தட்டில் வளர்த்துவந்தோம். அவற்றுக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தினால் ஓரிரு நாளில் ஏற்பிகள் மேற்பரப்புக்கு வந்துவிடும். பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை அவற்றோடு சேர்த்திருப்பதால் செல்லின் விளிம்பு முழுக்க மினுங்கும். எங்களுக்கு அது தினசரி வேலை. நுண்ணோக்கியில் உன்னைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாய்.

"இத எனக்குள்ள செய்ய முடியாதாக்கா?"

"இன்னும் முடியலலே. தட்டுல செய்யுதது வேற, ஆளுக்குள்ள செய்யுதது வேற. முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"சரி விடு. தட்டுல இருக்கதாவது நல்லா இருக்கட்டும்."

நீ அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மாலை உன்னை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அந்தத் தட்டை என்னால் கையில் எடுக்க முடியவில்லை.

ரத்தத்தை வெளியே எடுத்து, கொழுப்பை வடித்துவிட்டுத் திரும்ப ஏற்றும் இயந்திரம் சென்னையில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்தாய். போய்வந்த சில நாள் தெம்பாக இருப்பாய், பிறகு மறுபடி ஏறும். கையில் ஊசி குத்த இடமில்லாமல் நரம்புகள் ஒளிந்துகொண்டன. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி நெஞ்சைத் தடவிவிட்டுக்கொள்கிறாய் என்று உன் மனைவி போனில் சொன்னாள்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. புது ஈரல். ஏற்பிகள் உள்ள ஈரலில் ஒரு துண்டு உனக்குள் வந்துவிட்டால், அது உன் ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். என்னிடம் இருந்தது. ரத்த வகையும் சேர்ந்தது. வாழ்க்கையில் நான் படித்த எதுவும் உனக்கு உதவவில்லை, என் உடம்பாவது உதவப் போகிறது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. உன்னிடம் சொன்னபோது நீ கேட்டாய், "உன் ஈரல் வந்தா எனக்கும் இங்கிலீஷ் வந்துருமாக்கா?"

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, சென்னை மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். உன் இதயக் குழாய்களும் வால்வும் அத்தனை வருடக் கொழுப்பில் இறுகிப்போயிருந்தன. அவ்வளவு நீண்ட அறுவையை அந்த இதயம் தாங்காது. முதலில் இதயத்தைச் சரிசெய்வோம், தேறி வரட்டும், பிறகு ஈரல் என்றார். என் ஈரல் தயாராக இருந்தது, நானும் தயாராக இருந்தேன். உன் இதயத்துக்காகக் காத்திருந்தோம்.

இதய அறுவை நல்லபடியாகத்தான் முடிந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு இலஞ்சியில் உன்னோடு இருந்தேன். தென்னந்தோப்புப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தாய். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று கெஞ்சினாய். உன் நண்பன் வேனை ஓட்ட, நீ முதல்முறையாகப் பயணியின் இருக்கையில் உட்கார்ந்து வந்தாய். குளிர்ந்த தண்ணீர் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தூரத்தில் நின்று பார்த்தாய். குளிப்பவர்களைக் காட்டி, "எல்லாரும் எப்படிக் கத்துதாங்க பாரு" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை சில்லென்று இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில், சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். தென்காசியில் முதலுதவி செய்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் நான் உன் பக்கத்தில் இருந்தேன். பாவூர்சத்திரம் தாண்டும்போது ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டாய்.

"யக்கா, இப்ப உள்ள என்ன நடக்குது?"

எனக்குத் தெரியும். எந்தக் குழாயில் என்ன உடைந்து எங்கே அடைத்திருக்கும், அதற்கு அப்பால் இதயத் தசை என்ன ஆகிக்கொண்டிருக்கும் என்று ஒரு வகுப்பே நடத்தும் அளவுக்குத் தெரியும். "ஒண்ணுமில்லலே. இந்தா வந்துட்டோம்" என்றேன். முகமூடியைத் திரும்பப் பொருத்தினேன். உனக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஆலங்குளத்துக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் சித்தப்பா முறையாகும் ஒருவர் சொன்னார், "குத்தால ரோட்டுல கடைகடையாப் பரோட்டாவும் கோழியும் தின்னா இதயம் என்ன ஆவும்? வயசுப் பிள்ளைகளுக்குச் சொன்னாக் கேக்கவா செய்யுதாங்க?" அம்மா தலை தூக்கிப் பார்த்தாள். "எம் பிள்ளை கஞ்சிதான் குடிச்சான்" என்றாள். அவ்வளவுதான். சவாரியைக் கடையில் இறக்கிவிட்டு, வேனிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து நீ சாப்பிட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டாள். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"நான் மாமாவக் கட்டுனதுனாலதான் இப்படி ஆச்சோ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீ படிச்சவ. எங்கிட்டப் பொய் சொல்லாத."

அவளைக் கேட்டா கல்யாணம் செய்துவைத்தார்கள்? அவள் பிறப்பதற்கு முன்பே இருந்த பழுதுக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் 'உங்கப்பா' என்கிறாள். அதுவரை மாமா என்றுதான் சொல்வாள்.

உன்னைப் போன்றவர்களுக்காக, ஏற்பியே தேவைப்படாமல் வேறு வழியில் கொழுப்பைக் குறைக்கும் ஊசி ஒன்று வெளிநாட்டில் வந்திருக்கிறது. இன்றைய கூட்டத்தில் அந்த மருத்துவர் அதைப் பற்றியும் பேசினார். படத்தில் இருந்த பிள்ளைக்கு அது கிடைக்குமா என்று யாரோ கேட்டார்கள். முயற்சி செய்கிறோம் என்றார். நானும் உன்னிடம் ஏறக்குறைய அதே சொற்களைத்தான் சொன்னேன், இல்லையா?

பாப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உன்னிடமிருந்து அவளுக்கு ஒரு பழுதான பிரதி கட்டாயம் வந்திருக்கும், உன்னிடம் தருவதற்கு வேறு இல்லையே. ஆனால் ராயகிரிக்காரி கொடுத்தது நல்லது. ஆகவே அவளுக்குப் பாதி ஏற்பிகள் உண்டு. அவளிடம் மாத்திரை வேலை செய்யும். உன் மனைவி முதலில் சம்மதிக்கவில்லை. "இத்தனூண்டுப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மாத்திரையா மதினி? ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு கட்டுவா?" என்று அழுதாள். நான் வாதம் செய்யவில்லை. உன் பெயரைச் சொல்லவும் மனம் வரவில்லை. சில மாதம் கழித்து அவளே போன் செய்து, மாத்திரையை எந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். இப்போது ஒழுங்காகக் கொடுக்கிறாள். போன மாதம் எடுத்த ரத்தத்தில் கொழுப்பு நன்றாகவே இறங்கியிருந்தது.

அந்தப் பரிசோதனைக்கு நான்தான் அவளைத் தென்காசிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயதாகிறது, எதையும் கேட்காமல் விடுவதில்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, அப்பாகிட்ட இல்லாதது எங்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"பாதி இருக்கு."

"பாதி போதுமா?"

"போதும்" என்றேன்.

உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்ல வாய்க்காத சொல் அது. உன் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள், பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். அந்த ஒரு சொல் உண்மையாகவே இருந்துவிட வேண்டுமே என்ற பயத்தோடுதான் நான் தினமும் ஆய்வகத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன், தம்பி.

அக்கா