கோர்ட்டுக்குப் போய் வந்த குடம்

இன்னாங்க,

வீடெல்லாம் புளி வாசனை. உங்கள் பிள்ளை பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கி, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பெங்களூர் வீட்டு ஹாலில் வைக்கப் போகிறானாம். வைக்கட்டும், எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் தேய்த்தவன் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யம்மா, இந்த நசுங்கல டிங்கர் கடைல குடுத்துத் தட்டி எடுத்துடலாம்" என்றானே பார்க்கணும்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. "கைய எடுடா அதுமேல!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பிள்ளை மிரண்டு போய்விட்டான்.

அவன் என்ன செய்வான், பாவம். அந்த நசுங்கலின் கதை அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் நடுவில் அந்த வாக்கியம் வந்து நிற்குமே!

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். தங்கச் சுரங்கத்துக் கோரமண்டலில் எங்கள் லைன் வீடுகள் முழுவதற்கும் ஒரே குழாய். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழாய்க்கு எதிரே ஒருவன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். டெரிலின் சட்டை, சீவிய கிராப்பு. குடத்தை வைத்துக் குனிகிற பெண்களைப் பார்த்துத் தினமும் ஏதாவது ஒன்று சொல்லுவான். எல்லாரும் காதில் விழாத மாதிரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவன் சொன்னதில் செத்துப்போன என் அம்மாவும் இருந்தாள். அம்மா போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. குடம் பாதி நிறைந்திருந்தது. அப்படியே தூக்கிப் போய் அவன் தலையில் போட்டேன்.

அவன் மண்டை உடைந்தது, குடம் நசுங்கியது. போலீஸ் வந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனது. "தண்ணி வந்துச்சாம்மான்னு மரியாதையாத்தான் கேட்டேன், அடிச்சிட்டா" என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த மாதம்தான் எனக்கு நர்ஸ் டிரெயினிங்குக்கு சீட் கிடைத்திருந்தது. கேஸ் முடிந்து சுத்தமாக வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், தண்டனை என்று ஒன்று விழுந்தால் இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டார்கள். மைசூர் மைன்ஸில் தரைக்கடியில் மரம் முட்டுக் கொடுக்கிற எங்கள் நைனாவின் மகளுக்கு அந்த சீட் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது போனால் எனக்கு வேறு வழியே இருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் தார்வாட் பக்கத்துக்காரர். கன்னடம், இங்கிலீஷ் தெரியும், தமிழ் சுத்தமாகத் தெரியாது. நாங்கள் பேசுவதெல்லாம் உங்கள் வாய் வழியாகத்தான் அவர் பேனாவுக்குப் போக வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல். கோர்ட்டு குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளருமான உங்களைப் பற்றி ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அடிக்குரலில் பாடுகிறவர். கோபம் வந்தால் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். என் வக்கீலே வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு ரொம்ப மரியாதக்காரரும்மா. 'கெட்ட வார்த்தை பேசினான்'னு சொல்லி மூடிடுவாரு. வார்த்தை பதிவாவலன்னா நம்ம கேஸ் நிக்காது" என்றார். மாதா கோயில்காரியான நான் அன்றைக்கு ஒரு சர்ச்காரரின் நாக்குக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டேன், தெரியுமா?

கோர்ட்டில் என்ன கூட்டம்! சினிமா கொட்டகை தோற்றது. எங்கள் லைன் மொத்தமும் அங்கேதான். நைனா நைட் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜில் மேலே வந்தவர், வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து சுவரோரமாக நின்றார். முன் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அது உங்கள் அம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது. பிள்ளை கோர்ட்டில் வேலை செய்கிற அழகைப் பார்க்க வந்திருந்தார்களாம், பாவம்!

முதல் சாட்சி காணிக்கை அக்கா. குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் காக்காய் உட்காராது. அன்றைக்கு அவள் இருந்த இருப்பைப் பார்க்கணும். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, தரையைப் பார்த்த கண்.

"அவரு ஒரு மாதிரியா பேசினாருங்க."

"ஒரு மாதிரின்னா?"

"அசிங்கமாங்க."

"இன்னா அசிங்கம்?"

"அய்யே, அதெல்லாம் கோர்ட்ல சொல்லுவாங்களா சாமி!"

அந்த "அய்யே"யைக்கூட நீங்கள் விடாமல் கன்னடத்தில் சொன்னீர்கள். அடுத்து வந்தவளும் அதேதான், அதற்கடுத்தவளும் அதேதான். கோர்ட்டுக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் என்னைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும் 'ஏதோ' என்கிறார்கள். இந்த 'ஏதோ'வை நான் எப்படி எழுதுவது?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல், அவன் என்ன சொன்னான்?"

நான் நைனாவைப் பார்த்தேன். பெற்ற அப்பன் முன்னால் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? நைனா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நான் வெளிய நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஆரம்பித்தேன். நீங்களும் ஆரம்பித்தீர்கள். மொழிபெயர்க்கிறவர் "அவள் சொல்கிறாள்" என்று சொல்லக் கூடாது, நான் "நான்" என்றால் அவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கட்டை மீசையும் கோட்டுமாக நின்றுகொண்டு அந்த அடிக்குரலில் நீங்கள், "நான் தண்ணீர் பிடிக்கக் குனிந்தேன்" என்றதும் கோர்ட்டே சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து நீங்கள், "என் அம்மா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை" என்றீர்கள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் துக்கம் அவ்வளவு கனமானது என்று அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் சொன்னதைச் சொன்னேன். முழுசாக. கூட்டம் "ஸ்…" என்று மூச்சை இழுத்தது. கண்ணைத் திறந்தால் எல்லார் பார்வையும் உங்கள் மேல். உங்கள் அம்மா குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, கோட்டுப் பையில் வைத்தீர்கள். போச்சு, மனுஷன் தப்பித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

சொன்னீர்களே! ஐயோ, சொன்னீர்களே! ஒரு சொல் குறையாமல், ஒரு சொல்லை மழுப்பாமல், தெளிவான கன்னடத்தில், ஞாயிற்றுக்கிழமை வசனம் வாசிக்கிற அதே குரலில்! மாஜிஸ்திரேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது அந்தப் பெண் சொன்னதா, நீர் சொல்வதா?" என்று கேட்டார். "அவங்க சொன்னது ஸ்வாமி. நான் எதையும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை" என்றீர்கள். அவர் பேனாவை எடுத்து, "எழுதணும், மெதுவாகச் சொல்லும்" என்றார். மெதுவாகச் சொன்னீர்கள். நடுவில் அவர் ஒரு சொல்லை விட்டுவிட்டு மறுபடி முழுசாகக் கேட்டார். மறுபடியும் சொன்னீர்கள்! பச்சைப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி, சொல் சொல்லாக. பேச வராவிட்டாலும் கேட்டால் புரிகிற அளவுக்குக் கன்னடம் அங்கே யாருக்குத்தான் தெரியாது? அத்தனை பேர் காதிலும் அது மூன்று தரம் விழுந்தது.

முதலில் உடைந்தது உங்கள் அம்மாதான். குடையை ஊன்றிக்கொண்டு எழுந்து, சைக்கிள்காரன் பக்கம் திரும்பினார்கள். "அடப் பாவி! என் புள்ள வாயில இத சொல்ல வெச்சியே, நீ நல்லா இருப்பியா?" கோர்ட்டு டவாலிச் சேவகன் ஓடி வந்து உட்கார வைப்பதற்குள், சைக்கிள்காரன் பெண்டாட்டியும் கூட்டத்திலிருந்து எழுந்துவிட்டாள். அவள் அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், "சாமி, வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் சாமி! எல்லார்கிட்டயும் சொல்றதுதான்!" என்று கத்திவிட்டான்.

நீங்கள் விட்டீர்களா? உடனே மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, அவனாகவே மாறி, "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், எல்லாரிடமும் சொல்வேன்" என்று அதையும் கன்னடத்தில் கொடுத்துவிட்டீர்கள். பேனா அதையும் எழுதிக்கொண்டது. அதற்கு மேல் அவன் எங்கே நிற்பான்? ராஜி ஆகிவிடுகிறேன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். கேஸ் முடிந்தது. என் சீட் பிழைத்தது. வெளியே வந்து நைனா கையைப் பிடித்துக்கொண்டு நான் குதித்த குதியில் செருப்பு அறுந்துபோனது.

குடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தால், கோர்ட்டுக் குழாயடியில் நீங்கள். வாயைக் கொப்பளிக்கிறீர்கள், துப்புகிறீர்கள், மறுபடி கொப்பளிக்கிறீர்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. நான் குடத்தில் பிடித்து உங்கள் கையில் ஊற்றினேன். நீங்கள் நிமிர்ந்து, "உங்க வார்த்தைய நான் எங்கயும் கெடுத்துடலியே?" என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். நீங்கள் குடத்தின் நசுங்கலைப் பார்த்தீர்கள். "ஏங்க, அடுத்த தபா போடறதுன்னா கொஞ்சம் நல்ல வார்த்த பேசறவன் தலைல போடுங்க. எங்க பொழப்பு ஓடணும்" என்றீர்கள். அந்த இடத்திலேயே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

உங்கள் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சர்ச்சா மாதா கோயிலா என்பதுகூடப் பெரிய வழக்காக இல்லை. "அந்தக் கொடத்துக்காரியா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. பிறகு அவர்களே விருந்தாளிகளிடம் குடத்தைக் காட்டி, "எம் மருமக கைவேல" என்று பெருமையடித்தார்கள்.

கண்ணாடியை ஏன் கழற்றினீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். "அது இல்லாட்டி எனக்கு யார் மொகமும் தெரியாது. எங்கம்மா மொகம் தெரிஞ்சிருந்தா வாய் வந்திருக்காது" என்றீர்கள். நம் வீட்டுச் சண்டைகளில் நான் கத்தக் கத்த, நீங்கள் சுவரைப் பார்த்துக் கைகட்டி நின்று, "ஸ்வாமி, நான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டேன்?" என்று என் பேச்சைக் கன்னடத்தில் சொல்லுவீர்களே! எந்தச் சண்டைதான் அதற்கு மேல் ஓடும்?

கடைசியில் உங்களுக்கு வாய் கோணி, பேச்சு குழறிப்போன அந்த நாட்களில், நீங்கள் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிந்தது. டாக்டருக்கும் வந்து போகிறவர்களுக்கும் நான்தான் சொன்னேன், நீங்கள் சொன்ன மாதிரியே. "எனக்குத் தலகாணி ஒசரமா இருக்கு." "எனக்குக் காப்பில சக்கர பத்தல." முதலில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சாயங்காலம் பிள்ளை கட்டிலருகே நின்றுகொண்டு, "அப்பா இன்னாம்மா சொல்றாரு?" என்றான். நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. தூக்கம் வருகிறதாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டான். நீங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினீர்கள்.

இப்போது அதே பிள்ளை குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, இதுக்கா இவ்ளோ சத்தம்? அப்பிடி இன்னா கத இதுல?" என்கிறான். துணியைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். குழாயடியிலிருந்து எல்லாம் சொன்னேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். "அப்புறம்? அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டான். காணிக்கை அக்கா மாதிரி அய்யே என்று நழுவியிருக்கலாம். நழுவவில்லை. முழுசாகச் சொன்னேன். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு, "அப்பாவா? நம்ம அப்பாவா இத கோர்ட்ல சொன்னாரு?" என்றான்.

"மூணு தரம்டா" என்றேன்.

அவன் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, நசுங்கின பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வைக்கிறேன் என்கிறான். ஆனால் அவன் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. என்னவென்று தடவிப் பார்த்தால், சொல்வதற்கு முன்னால் நானே கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மடியில் வைத்திருக்கிறேன்.