பாலைவனத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி

ஏனுங்க,

நல்ல தண்ணி வந்துச்சுன்னு குடம், அண்டாவெல்லாம் ரொப்புன கையோட, மாடிப்படியில இருந்த மணல் தட்டுலயும் ஊத்திட்டீங்களே! அது மூணாங்கிளாஸ் புள்ளைங்க செஞ்ச பாலைவனமுங்க. தண்ணியில்லாம கள்ளி தாங்குமா, கொத்தமல்லி தாங்குமான்னு ஆறு நாளாப் பாக்கறாங்க. சொட்டு ஊத்தக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனவளே நானு. லீவுல ஸ்கூல்ல யாராச்சும் ஊத்திருவாங்கன்னுதான் ஊட்டுக்குக் கொண்டாந்தேன். இன்னைக்கு மணலைத் தொட்டுப் பாத்தாங்கன்னா என்ன சொல்லுவேன்?

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. பத்து மணிக்கு வகுப்புக்கு வந்து, நீங்களே புள்ளைங்ககிட்டச் சொல்லிருங்க.

கிருத்திகா

பி.கு: முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருப்பேன். நமக்குள்ளதான் ஆறு நாளாப் பேச்சே இல்லீங்களே.

இன்னொண்ணு: ஒரு சொம்புத் தண்ணிக்கே கொத்தமல்லி தலை நிமிந்துருச்சுங்க. எனக்கு ஒரு வார்த்தை போதுமுங்க.