காலணி போடும் நேரம்

நவம்பர் 6, வியாழன்

மென்பொருளின் தேவைப் பட்டியல் முப்பத்து மூன்று வரியில் நிற்கிறது. காலையில் இருபத்தெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசியும் ஒரு வரியைக் கூட்டுகிறது, எதையும் யாரும் குறைப்பதில்லை. திரையில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம். ஒரே திரையில் எல்லாத் தகவலும் தெரிய வேண்டுமாம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஆறு தீவுகள், கரையில் ஒரு மருத்துவர், நடுவில் நாங்கள் செய்யப்போகும் மென்பொருள். ஒகினோசே தீவில் இருக்கும் கிகுதா டாக்டர் மார்ச் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு அங்கே யாரும் வரப்போவதில்லை. ஏப்ரலிலிருந்து அந்தத் தீவின் நூற்று நாற்பது பேருக்கும் புதன்கிழமைகளில் திரைதான் டாக்டர். இந்த வேலையை எங்கள் பிரிவுத் தலைவர் டோகாவா என் தலையில் கட்டியதற்குச் சொன்ன காரணம்: "மியோஷி, நீங்க கடலோரத்துக்காரர். உங்களுக்குப் படகு ஒத்துக்கும்."

எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. இதை அவரிடம் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நாளை ஒகினோசே. வாந்தி மாத்திரை வாங்கியாயிற்று.

நவம்பர் 19, புதன்

மாத்திரை வேலை செய்யவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

தீவின் மருத்துவ நிலையம் ஒரே அறை. வாசலில் காலணியைக் கழற்றும் படி, பக்கத்தில் காலணி அடுக்கும் தட்டு, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு. நர்ஸ் உரபே அம்மா இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறார். நாற்பது கேள்விகள் கொண்ட என் தாளை எடுத்து வைத்து இரண்டு மணி நேரம் கேட்டேன். இணைப்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்? "பார்த்துக்கலாங்க." காதுகேட்காதவர்களுக்கு? "அதெல்லாம் பிரச்சினையில்லைங்க." நாற்பதுக்கும் அதே பதில்தான். பேனாவை மூடி வைத்தேன். இந்தப் பதில்களுக்கு நான் படகேறியிருக்கவே வேண்டாம்.

அதற்கு முன் காலையில், கிகுதா டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதை மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஹமானோ என்ற ஆக்டோபஸ் மீனவர், எழுபத்து நான்கு வயது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்பு எப்படி?"

"டாக்டர் புண்ணியத்துல நல்லாருக்கேன்."

"நெஞ்சு?"

"நெஞ்சா? எருமை மாதிரி இருக்கு."

வணங்கினார், வெளியே போனார். டாக்டர் பேனாவைக் கீழே வைக்கவில்லை, அடுத்தவரையும் கூப்பிடவில்லை. வாசற்படியில் ஹமானோ குனிந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். உரபே அம்மா பக்கத்தில் நின்றார். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் சொல்கிறார்: "நர்ஸம்மா, மேட்டுல ஏறினா மூச்சு நின்னுடுது. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், அவருக்கு ஆயிரம் வேலை." உரபே அம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். டாக்டர், "வாங்க, உட்காருங்க," என்றார். இவ்வளவு நேரம் இதற்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

மாலையில் நான் கிளம்பி, அதே படியில் உட்கார்ந்து என் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உரபே அம்மா வாயைத் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். டாக்டர் முன்னாடி இங்க யாரும் நிஜம் பேசமாட்டாங்க. தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு நினைப்பாங்க. ஷூ போடும்போதுதான் பேசுவாங்க. அதுக்குள்ள திரை அணைஞ்சிடக் கூடாது."

இரண்டு மணி நேரம் கேட்டு வராதது நாடா கட்டும் நேரத்தில் வந்தது. படகில் எழுதினேன், வரி 41: சந்திப்பை முடிக்கும் பொத்தான் தீவின் நர்ஸிடம் இருக்க வேண்டும். படகு ஆடி எழுத்து கோணல்.

டிசம்பர் 3, புதன்

எழுபத்தொன்று வரி. முதுகு வலி.

டிசம்பர் 12, வெள்ளி

இறுதிக் கூட்டம். ஆஸ்பத்திரியின் துணை இயக்குநர் சைஜோ டாக்டர் நடுவில், பக்கத்தில் டோகாவா. ஆறு தீவுகளின் நர்ஸ்கள் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக. புதன்கிழமைகளில் திரையில் உட்காரப்போவது சைஜோ டாக்டர்தான். அவர் கெட்டவர் இல்லை. கண்ணுக்குக் கீழே என்னைவிடக் கறுத்திருக்கிறது.

வரி 41 வந்தது. "ஒரு காலைக்குள்ள ஆறு தீவு. ஆளுக்கு எட்டு நிமிஷம்," என்றார். "நான் முடிச்சா முடிஞ்சதுதான். அடுத்த தீவு தானா திறக்கணும். இல்லேன்னா கடைசித் தீவுக்காரங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்." பிறகு திரையைப் பார்த்துக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்: "ஒகினோசே, இது பரவாயில்லையா?"

உரபே அம்மா தலைகுனிந்தார். "சரிங்க டாக்டர்."

அதற்குப் பிறகு ஒரு மௌனம். மூன்று நொடி, நான்கு நொடி. நான் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன், ஐம்பத்து மூன்று வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களிலேயே நரைத்தவன். அந்த மௌனம் சம்மதமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். மணி ஐந்தே கால், இன்னும் முப்பது வரி பாக்கி. 41-ஐக் குறுக்குக்கோடு போட்டு அடித்தேன். கூட்டக் குறிப்பில் எழுதினேன்: "ஆட்சேபம் ஏதுமில்லை."

கையெழுத்துக்குப் பதிலாக நான்கு சிவப்பு முத்திரைகள் விழுந்தன. ஒன்று என்னுடையது.

வீட்டில் ரிட்சுகோவிடம் சொன்னேன். வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே என் மனைவி சொன்னது: "உங்களுக்கு என்னிக்கு எதுலதான் ஆட்சேபம் இருந்திருக்கு?"

டிசம்பர் 26, வெள்ளி

வருடம் முடிகிறது. தூக்கம் தீரவில்லை.

ஜனவரி 21, புதன்

முற்பகல்: ஒகினோசேயில் முதல் சோதனை நாள். கிகுதா டாக்டர் வேண்டுமென்றே தீவில் இல்லை, அவரில்லாமல் நடக்கிறதா என்று பார்க்கத்தான் சோதனை. நான் ஆஸ்பத்திரியில் சைஜோ டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். படம் தெளிவு, குரல் தெளிவு. ஒகினோசேயில் கடைசியாக ஹமானோ வந்தார். தலை படிய வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். "எப்படி இருக்கீங்க?" "அருமையா இருக்கேன் டாக்டர்!" ஏழு நிமிடம் ஐம்பது நொடி. வணங்கினார், திரை மாறியது, அடுத்த தீவு. எதுவும் திக்கவில்லை. டோகாவாவுக்கு "நன்றாக நடக்கிறது" என்று செய்தி அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மாலை: ஹமானோ விழுந்துவிட்டார்.

படியில் பூட்ஸ் போடும்போது, இரண்டு நாளாகத் தாடை வலிக்கிறது, இடது கை மரத்துப்போகிறது, பல்வலிதான் என்றிருக்கிறார். உரபே அம்மா உள்ளே ஓடி வந்து பார்த்தால் திரையில் "சந்திப்பு முடிந்தது, நன்றி." அந்த வாசகம் நான் எழுதியது. ஹெலிகாப்டரைக் கூப்பிட டாக்டர் சொல்ல வேண்டும். உரபே அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார். "டாக்டர் திரையில இருக்கார், முடிஞ்சதும் சொல்றோம்." ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஹமானோவை உட்காரச் சொல்லியிருக்கிறார். நீரோட்டம் மாறுவதற்குள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் போட்ட பானைகளை இழுக்க வேண்டும் என்று அந்த மனிதர் நழுவிப் போய்விட்டார். பத்தரைக்குப் படகுத் துறையில் விழுந்தார்.

தகவல் எழுதிய சீட்டு சைஜோ டாக்டர் கைக்கு வந்தது பன்னிரண்டே காலுக்கு. அந்த நேரமெல்லாம் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் — கடிகாரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு. என்ன மனுஷன்டா நீ?

ஜனவரி 22, வியாழன்

உயிர் இருக்கிறது. பாதி இதயம்தான் வேலை செய்கிறதாம். இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது.

டோகாவா சொன்னார்: "சாஃப்ட்வேர்ல கோளாறு இல்லையே? எழுதிக் கொடுத்தபடிதானே ஓடிச்சு?"

ஆமாம். எழுதிக் கொடுத்தபடிதான் ஓடியது.

ஜனவரி 28, புதன்

சோதனைகள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மணிக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள், யாரோ என்னைப் பார்க்க வந்திருக்கிறார்களாம். கீழே ஹமானோவின் மனைவி. கறுப்புக் கோட்டு, கையில் துணியில் கட்டிய பெட்டி. பார்த்ததும் இடுப்பு வரை குனிந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"முக்கியமான சோதனை நாளா பார்த்து எங்க வீட்டுக்காரர் உங்களுக்கெல்லாம் தொந்தரவு பண்ணிட்டார். மன்னிச்சிடுங்க."

பெட்டியில் காயவைத்த ஆக்டோபஸ், அவர் கடைசியாகப் பிடித்தது. "அவருக்கு ரொம்பச் சங்கடமா இருக்குதுங்க. படுத்துக்கிட்டே சொல்லிக்கிட்டிருக்கார் — என்னாலதான் கெட்டுப்போச்சு, அந்தத் திட்டத்தை நிறுத்திட்டா தீவுக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்னு."

நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். இரண்டு பேரும் வரவேற்பு மேசைக்கு முன்னால் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தோம். உங்கள் தவறு இல்லை, அந்த வரியை அடித்தவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன்! வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பிப்ரவரி 4, புதன்

டோகாவாவிடம் சொல்லாமல் சைஜோ டாக்டரிடம் போனேன். முத்திரை விழுந்த தாளைத் தலைவருக்குத் தெரியாமல் திறப்பது என்றால் என்ன என்று தெரிந்தேதான் போனேன்.

"டிசம்பர் பன்னிரண்டு கூட்டக் குறிப்பு தப்பு, டாக்டர். ஆட்சேபம் இருந்தது. எனக்குத் தெரியும். நான் எழுதலை."

நிமிர்ந்து பார்த்தார். "நான் கேட்டேனே. பரவாயில்லையான்னு நேரடியாவே கேட்டேனே. சரின்னாங்களே."

"நீங்க கேட்டீங்க, டாக்டர். அதனாலதான் சரின்னாங்க."

அப்படிச் சொன்னது நானா? அவர் ஜன்னலைப் பார்த்தார். வாகன நிறுத்தத்தில் யாரோ பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நிறுத்த முடியாமல் நான் எல்லாவற்றையும் கொட்டினேன் — கிகுதா டாக்டர் கீழே வைக்காத பேனா, படி, பூட்ஸ், நாற்பது கேள்விக்குப் பதில் சொல்லாத உரபே அம்மா என் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டு பேசியது.

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "வயசானவங்க ஷூ போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம். பூட்ஸ்னா அஞ்சு."

"ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஆறு தீவு." மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார், முகத்தில் தெரிந்தது. "யோசிக்கிறேன்," என்றார்.

இங்கே யாராவது யோசிக்கிறேன் என்றால், கதவைச் சாத்தியாயிற்று என்றுதான் அர்த்தம். வணங்கிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

டோகாவாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. "மியோஷி, நாலு பேர் முத்திரை. அதுல ஒண்ணு என்னுது. என் முகத்துல சேறு பூசிட்டீங்க." நடந்ததையெல்லாம் எழுதி, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கடிதம் கொடுக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து எனக்குப் பல் மருத்துவமனைகளின் முன்பதிவு மென்பொருள் வேலை.

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். "கவனக்குறைவால்" என்று ஆரம்பித்தது பொய்யாக இருந்தது. "தெரிந்தே" என்று மாற்றினேன்.

ரிட்சுகோ படித்துப் பார்த்தாள். என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்றுமில்லை. காய்ச்சல்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து தடித்த உறை. தேவைப் பட்டியல் திரும்பி வந்திருக்கிறது. நான் குறுக்குக்கோடு போட்ட 41-ஆம் வரியின் ஓரத்தில் நீல மையில், டாக்டர்களுக்கே உரிய கிறுக்கல் கையெழுத்தில்: "மீண்டும் சேர்க்கவும். முடிக்கும் பொத்தான் தீவில் மட்டும். என் திரையில் வேண்டாம். மூன்று தீவுகள் வியாழனுக்கு." பக்கத்தில் அவர் முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.

மூன்று தடவை படித்தேன். ஆஸ்பத்திரியின் அட்டவணைப்படி வியாழன் அவருடைய ஒரே விடுப்பு நாள்.

மார்ச் 25, புதன்

இரண்டாவது சோதனை முடிந்தது. கிகுதா டாக்டர் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். நான் போகவில்லை, என்னை அனுப்பவில்லை. உரபே அம்மா தொலைபேசியில் சொன்னார். ஹமானோ வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற படகையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறாராம். உரபே அம்மா நன்றி சொன்னார். நன்றி வேண்டாம் என்றேன். எனக்கு உண்மையிலேயே வேண்டாம்.

ஏப்ரல் 1, புதன்

பல். எல்லாம் பல்.

ஏப்ரல் 8, புதன்

அந்தத் திட்டத்திலிருந்து என் பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கு ஒகினோசேயின் அன்றைய பதிவு என் பெட்டிக்கும் வந்தது. திறக்கக் கூடாது. திறந்தேன். நோயாளிகளின் பெயர்கள் எனக்குத் தெரியாது, கணினி மறைத்துவிடும். அந்த விதியை எழுதியதும் நான்தான். நேரங்கள் மட்டும் தெரியும்.

பதினோரு சந்திப்புகள். முதல் ஆறிலும் மருத்துவர் பேசியது ஏழு, எட்டு நிமிடம், பிறகு நாலைந்து நிமிடம் வெறுமை, பிறகு "முடித்தவர்: உரபே." ஏழாவதில் மருத்துவர் பேசியது ஆறு நிமிடம். பிறகு ஐந்து நிமிடம் மருத்துவர் பேசவில்லை, ஆனால் அவர் திரை திறந்தே இருக்கிறது. பிறகு மறுபடியும் மருத்துவர், பத்தொன்பது நிமிடம். முடித்தவர்: உரபே. அதன் கீழே ஒரு வரி: 10.52, படகு ஏற்பாடு, கரைக்கு அனுப்பப்பட்டார்.

அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க அழுதேன். பக்கத்து மேசைக்காரர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

யார் அது, ஆணா பெண்ணா, என்ன வலி, எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஐந்து நிமிடத்தில் நடந்தது மட்டும் தெரியும். படியில் குனிந்து ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு எதையோ சொல்லியிருக்கிறார். பிறகு, போட்ட காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே திரும்பி வந்திருக்கிறார்.