அக்காவின் கையெழுத்து

2013 பிப்ரவரி 4
மறுவிசாரணை மார்ச் ஏழாம் தேதி. மூன்றாம் முறை பிடிபட்டால் ஆயுள் என்ற கலிபோர்னியா சட்டம் போன நவம்பரில் தளர்ந்தது. கடையில் ஒரு டிரில்லிங் மெஷினைத் திருடியதற்குப் பதினாறு வருஷம் உள்ளே இருந்தாயிற்று. நான் ஆபத்தானவன் இல்லை என்று நீதிபதி நம்பினால் வீடு. நம்பாவிட்டால் இங்கேயே சாவு.

பிப்ரவரி 11
மடத்தனம் செய்துவிட்டேன். விடுதலையாகிறவன் சாமான்களை எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும், எடுத்துப்போனால் திரும்பி வருவான் என்பது இங்கே நம்பிக்கை. அவசரக்குடுக்கை நான், வெந்நீர் கெட்டிலை இப்போதே அறைக்கூட்டாளி எல்பர்ட்டிடம் கொடுத்தாயிற்று. காலையில் காப்பிக்கு அவனிடமே கெஞ்சினேன். "வரிசையில வாங்கண்ணே" என்கிறான்.

பிப்ரவரி 20
அரசுத் தரப்பு வெர்லீன் அக்காவைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறதாம், என் வக்கீலம்மா சொன்னார். 1986இல் என் முதல் வழக்கே அவள் வீட்டு ஜன்னலை உடைத்து டிவியைத் தூக்கியதுதான். போதைக்காக. எனக்குப் புத்தி வரட்டுமென்று அவளே போலீசில் கையெழுத்துப் போட்டாள். எட்டு வருஷம் கழித்து வந்த சட்டம் அதையும் ஒரு தடவையாக எண்ணும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தடவை, ஆளில்லாத இன்னொரு வீட்டில் திருட்டு. ஆயுள் விழுந்த நாளிலிருந்து அவளிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. கோபமா? வெட்கமா?

மார்ச் 6
நாளைக்குக் கோர்ட்டு. என்ன சொல்லப்போறாளோ — சொன்னா சொல்லட்டும், செஞ்சது நான்தானே.

மார்ச் 7
அக்காவுக்குத் தலை முழுக்க நரை. என்னைப் பார்க்கவே இல்லை. இவனைக் கண்டு பயமா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"திருட்டுப் பயதான், இல்லங்கல. ஆளில்லாத வீடா பாத்து நுழைவான். ஒரு ஈ எறும்பைக்கூட அடிச்சதில்ல. டிவிய எடுத்தான்னுதான்யா கையெழுத்துப் போட்டேன், தம்பியவே எடுத்துக்கிடுங்கன்னு போடல. விட்டா நான் கூட்டிட்டுப் போறேன்."

நீதிபதி தண்டனையை ஆறு வருஷமாகக் குறைத்தார். நான் இருந்ததோ பதினாறு. அப்பாடா. வெட்கமில்லாமல் அழுதேன்.

மார்ச் 19
அக்கா வீடு. கோழி பொரித்தாள். "எழுத கை வரலடா" என்றாள். எனக்கும்தான் என்றேன். நன்றாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 25
அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள். வீட்டில் நான் மட்டும். எந்த அறையையும் பூட்டாமல் போயிருக்கிறாள். நேற்றுப் பொரித்த மிச்சக் கோழியைச் சூடுபண்ணிச் சாப்பிடச் சொன்னாள், வேறெதுவும் சொல்லவில்லை.