சோர்வு என்றே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அவளுடைய தையல் மெஷினும் நலமாக இருக்கிறோம். என் மீசை மட்டும் நலமாக இல்லை, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உன் உடம்பு, அதைவிட முக்கியமாக உன் தூக்கம், எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறோம். போனில் பேசினால் நான் பாதியிலேயே அறிவுரையில் இறங்கிவிடுகிறேன் என்று உன் அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பேப்பரையும் பேனாவையும் கையில் கொடுத்திருக்கிறாள். எழுதினால் அடித்துத் திருத்தலாமாம். முடித்ததும் படமெடுத்து உனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அடித்த இடங்களை நீ படிக்க முயலாதே.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன விஷயம். அதற்கு நாலு நாள் முன்னால் நீ விமானத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே ஆபீசுக்குப் போன் செய்து சோர்வாக இருக்கிறேன், இன்றைக்கு ஓட்ட முடியாது என்று சொல்லியிருக்கிறாய். ஒரே வரியை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை என்றாய். அப்படிச் சொன்னால் தண்டனை இல்லை என்று உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. நீ சிரிப்பு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறாயே, அந்த மனிதர் உன்னை உட்காரவைத்து, காரணம் என்கிற இடத்துல சோர்வை எடுத்துட்டுக் காய்ச்சல்னு போட்டுக் குடும்மா, இத்தோட முடிஞ்சிடும், இல்லேன்னா விசாரணை, அப்புறம் கேப்டன் புரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். இந்த வெள்ளிக்கிழமை வரை கெடு. இவ்வளவையும் நீ சொல்லி முடித்ததும் உன்னைப் பெற்றவன் வாயைத் திறந்து என்ன சொன்னேன்? ஒரு வார்த்தைதானே, காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு, யாருக்குத்தான் சோர்வு இல்ல என்றேன். நீ சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பா என் காதை விட்டு இறங்கவே இல்லை. உன் அம்மா அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை, மெஷினோடு மட்டும் பேசினாள்.

ஆனாலும் உன் அப்பன் லேசில் விட்டுக்கொடுப்பவனா. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டவன் நான், எனக்குத் தெரியாத டியூட்டியா என்று, நீ அனுப்பி வைத்திருந்த உன் டியூட்டி அட்டவணையை எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். திங்கள் முதல் இதில் இருக்கிறபடியே நான் எழுந்து, உட்கார்ந்து, படுத்துக் காட்டுகிறேன், முடியும் என்று நிரூபித்தால் அவள் பழையபடி என்னோடு பேச வேண்டும் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டினேன். அவளும் சரி என்றாள், ஆனால் மேற்பார்வை தன்னுடையதாம். நீ விமானத்தில் இருக்கும் நேரமெல்லாம் நான் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் சாயாமல் உட்கார வேண்டும். நீ வேனில் ஓட்டலுக்குப் போகும் நேரத்துக்கு என்னை மாடிப்படியில் உட்காரவைத்தாள். நாற்பது நிமிஷம், மடியில் பை வேறு. கீழ்வீட்டு அம்மா, என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அட்டவணையில் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு என்று போட்டிருக்கிறது, கொழுத்த ஓய்வுதான் என்று நினைத்திருந்தேன். படிக்கட்டு, குளியல், சாப்பாடு, தூக்கம் வராமல் புரண்டது, எழுந்து கிளம்பியது, மறுபடி படிக்கட்டு எல்லாம் கழித்தால் தூக்கத்துக்கு மிஞ்சியது ஆறு மணி நேரம்கூட இல்லை. அதுவும் பட்டப்பகலில், எதிர்வீட்டில் துளைபோடும் சத்தத்துக்கு நடுவில்.

முதல் நாள் ஜோராகப் போனது. இரண்டாம் நாள் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனவன் பர்ஸுக்குப் பதில் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், அதைக் கடைக்காரரிடம் நீட்டியும் இருக்கிறேன். மூன்றாம் நாள் அட்டவணையில் இருந்த அதிகாலை டியூட்டிக்காக நாலு மணிக்கே எழுந்து, விமானி சுத்தமாகச் சவரம் செய்துகொண்டுதான் போக வேண்டும் என்று கண்ணாடி முன் நின்றேன். நின்றது ஞாபகம் இருக்கிறது. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தால் மீசையில் பாதி வாஷ்பேசினில் கிடக்கிறது. மீதியை நானே எடுத்துவிட்டேன், வேறு வழியில்லை. முப்பது வருஷ மீசை. உன் அம்மா பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள், கல்யாணத்தன்னிக்கு இந்த முகத்தைக் காட்டியிருந்தா யோசிச்சிருப்பேன் என்றாள். அத்தோடு பேச்சுவார்த்தை சுமுகமாகிவிட்டது.

அதன்பின் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எனக்குச் சோர்வா இருக்கு, இன்னிக்கு என்னால முடியாது என்று முறைப்படி அவளிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து, எப்பலேர்ந்து சோர்வு, ஓய்வு குடுத்தமே அதுல என்ன பண்ணினீங்க, உங்களுக்கு மட்டும் ஏன் வருது, மத்தவங்கல்லாம் ஓட்டலையா, கடைசி நேரத்துல சொன்னா நான் ஆளுக்கு எங்க போவேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். சிரிப்பு மேனேஜர் கேட்ட அதே கேள்விகள், நீ சொன்ன அதே வரிசை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான், தினம் வீட்லேர்ந்தே டிப்போவுக்குப் போன் போட்டு டிரைவருங்கள இப்படித்தானே கேப்பீங்க, அடுப்படி வரைக்கும் கேக்கும் என்றாள். மீசையும் இல்லாத முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் டிப்போவில் டியூட்டிக்கு வராதவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு, காரணம் எழுதும் கட்டம் என் பொறுப்பு. டிரைவர் தூக்கம் வருகிறது, கண் எரிகிறது என்று சொன்னால் அப்படியே எழுத முடியாது. எழுதினால் இந்த ஆளுக்கு இப்படி டியூட்டி போட்டது யார் என்று மேலே இருந்து கேள்வி வரும், போட்டது நான். அதனால் எல்லோருக்கும் வயிற்று வலி என்று எழுதிவிடுவேன். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர்கூடச் சோர்ந்துபோனதில்லை, வயிற்று வலிதான். ஒரு தடவை தலைமை அலுவலகத்தில் யாரோ அதை எண்ணிப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கு வயிற்று வலி என்றால் சாப்பாடு சரியில்லை என்று முடிவு செய்து கேண்டீன்காரரை மாற்றிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. புது ஆள் வந்த பிறகும் வயிற்று வலி குறையவில்லை, அவரையும் மாற்றினார்கள். டியூட்டிச் சீட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

நேற்று அந்த முதல் கேண்டீன்காரரைத் தேடிக்கொண்டு போனேன். மார்க்கெட் பின்பக்கம் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருக்கிறார். மீசை இல்லாததால் முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். உங்க சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லீங்க, எல்லாம் நான் எழுதினது என்று சொல்லிவிட்டேன். அவர் டீயை ஆற்றியபடியே, அது எனக்கு அப்பவே தெரியும் சார், என் புள்ளைங்களும் அதே சாப்பாட்டைத்தானே சாப்பிட்டாங்க, அதுங்களுக்கு ஒரு நாளும் வயிறு வலிக்கலையே என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு அவரே, சரி விடுங்க, தேடிவந்து சொன்னீங்களே, இங்க இன்னும் நல்லாத்தான் ஓடுது என்று டீயை நீட்டினார். உன்னைப் பற்றிச் சொன்னேன். பொண்ணு ப்ளேன் ஓட்டுதா என்று கடையில் இருந்த அத்தனை பேரிடமும் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். உன் பெயரைச் சொல்லி அங்கே இரண்டு டீ குடித்தேன், நல்ல டீ.

ஆகவே கண்ணு, அப்பா ஞாயிற்றுக்கிழமை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காய்ச்சல் என்று எழுதாதே. காய்ச்சல் என்றால் அது உன் உடம்பின் குற்றம், சோர்வு என்றால் அவர்கள் அட்டவணையின் குற்றம், அதனால்தான் அந்த மனிதர் அவ்வளவு சிரிக்கிறார். உனக்குப் பின்னால் நூற்று எண்பது பேர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேப்டன் பதவி இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரட்டும். வேலையே போனாலும் உன் அறை இங்கே

இந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனதற்கு மன்னிக்கவும். அம்மா உள்ளே இருந்து ஒரு சத்தம் போட்டாள், ஊசி குத்திவிட்டதோ என்று ஓடினேன். உன் செய்தி வந்திருக்கிறது. நீ திங்கட்கிழமையே சோர்வு என்பதை மாற்ற மாட்டேன், விசாரணை வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். அதைக் கேள்விப்பட்டு, அதே அட்டவணையில் ஓட்டுகிற இன்னும் பத்தொன்பது பேர், இதுநாள் வரை காய்ச்சலும் தலைவலியும் எழுதிக்கொண்டிருந்தவர்கள், ஒரே நாளில் சோர்வு என்று எழுதிக் கொடுத்தார்களாம். இருபது பேரை எப்படி விசாரிப்பது, அட்டவணையைத்தான் விசாரித்திருக்கிறார்கள். அந்த அதிகாலை டியூட்டியை அடியோடு எடுத்துவிட்டார்கள், விளக்கம் கேட்ட கடிதம் வாபஸ், உன் பேர் லிஸ்டில் அப்படியே நிற்கிறது. மேனேஜர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மா நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். மெஷினை மூடிவிட்டாள், இன்றைக்கு இனிமேல் தைக்கப்போவதில்லையாம். பக்கம் பக்கமாக நான் எழுதிய அறிவுரை முழுவதும் வீணாகிவிட்டது. ஒன்றும் வருத்தமில்லை, என் பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பெற்றதற்கு இன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி வருகிறாய், முதல் மூன்று நாளும் தூங்கப்போகிறாய், அப்பா எழுப்பக் கூடாது என்று கடைசியில் போட்டிருக்கிறாய். பள்ளிக்கூட நாளெல்லாம் விடிவதற்கு முன்பே கரண்டியால் உன் கதவைத் தட்டி டியூட்டி டைம் டியூட்டி டைம் என்று கத்தியவன் நான், உன் பயம் நியாயமானது. கரண்டியை அம்மா வாங்கி மெஷின் டிராயருக்குள் பூட்டிவிட்டாள். இந்த வாரம் முழுவதும் அம்மா தைத்தது உன் ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் கறுப்புத் திரைதான், மாட்டியும் ஆகிவிட்டது, பகலில் உள்ளே போய் நின்று பார்த்தேன், என் கையே எனக்குத் தெரியவில்லை. இப்போதுதான் எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அந்த மூன்று நாளும் துளைபோட மாட்டார்கள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பின்னால் உட்காருகிற அத்தனை பேரும் வீடு போய்ச் சேர வேண்டும், நானும் அம்மாவும் வேண்டுவது அவ்வளவுதான். சார்ஜர் எடுத்துவர மறக்காதே, போன தடவை மறந்தாய். வாசலில் மீசை இல்லாத ஒருவன் பையை வாங்கிக்கொள்ள நிற்பான், பயப்படாதே. வந்து படு. நீ எழுந்திருக்கும்போது இந்த வீட்டில் விடிந்தால் போதும்.

இப்படிக்கு,
வயிற்று வலி எதுவும் இல்லாத, கொஞ்சம் சோர்வாக மட்டும் இருக்கிற
உன் அப்பா