சக்கரம் கழன்றது உன் குற்றமில்லை

என் உயிர் மச்சான் குணாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் போட்டோவைப் போட்டு, கீழே நினைவஞ்சலியாக நாலு வரி எழுதி, குடும்பத்தார் பேரையெல்லாம் வரிசையாகச் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லிப் புவனா என்னிடம் கொடுத்தாள். அதையும் ஏதோ ஊருக்காகச் செய்கிறவள் மாதிரித்தான் சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை.

மரியாதை குறைகிறதே என்று படிக்கிறவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். நீ என் தங்கை புவனாவைக் கட்டுவதற்கு முன்பே, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே, நாம் மச்சான் மச்சான் என்றுதான் அடித்துக்கொண்டோம். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக உன்னை நான் 'நீங்கள்' என்று கூப்பிட முடியாது.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் நடக்கிற அந்தப் பெரிய பொம்மைக் கண்காட்சிக்கு நாலு வருஷமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்தாயே, இந்த வருஷம் நமக்கு இடம் கொடுத்தார்கள். கடிதம் உன் பெயருக்குத்தான் வந்தது. புவனா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

நீ போன பிறகு நம் 'மலைவண்டி' பொம்மைக் கம்பெனி எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியாது. ஓடவில்லை, நொண்டியது. ரிங்லெட்டில், சீன முதலாளி தவுக்கேயிடம் வாடகைக்கு எடுத்த பழைய பூக்கிடங்கில்தான் இன்னும் பட்டறை. நான் மரம் அறுக்கிறேன், பாக்கியம் அக்காவும் தோட்டத்து லயத்திலிருந்து வருகிற இன்னும் இரண்டு பேரும் சாயம் பூசுகிறார்கள், புவனா பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கடை போடுகிறாள். முட்டைக்கோஸ் ஏற்றின உன் மர லோரியைச் சுற்றுலா வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், பிள்ளையோடு படம் பிடிக்கிறார்கள், வைத்துவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விடுகிறார்கள்.

புவனா ஒரு முடிவு எடுத்தாள். கண்காட்சியில் ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தால் தொடர்ந்து நடத்துவது, இல்லாவிட்டால் சாவியைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டுப் பினாங்கில் ஏதாவது ஃபேக்டரி வேலைக்குப் போய்விடுவது. பாக்கியம் அக்காவுக்கு முட்டி போய்விட்டது, கொழுந்து எடுக்க இனி சரிவில் ஏற முடியாது. அவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? இவ்வளவும் என் கையில் இருந்தது, மச்சான். லோரி செய்கிற பொறுப்பு என்னுடையது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கிற அச்சுக் குச்சிகளைச் சீவி முடித்ததும் நீ சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்து, தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரிக்குக் கொண்டுபோவாய். இலை காய வைக்கிற டிரையர் பக்கத்தில் அந்தச் சாக்கு மூன்று வாரம் கிடக்கும். நீ ஒன்றுவிட்டு ஒரு நாள் போய்க் குச்சிகளைப் புரட்டிவிட்டு வருவாய். ஃபேக்டரியில் ஆறுமுகம் அண்ணனோடு டீ குடித்துக் கதையளக்க நீ கண்டுபிடித்த சாக்கு அது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரம் போக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாய். இந்த மலையில் போர்வையே காய்வதில்லை, குச்சி காய்ந்து என்ன ஆகப்போகிறது என்று சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு என் மண்டையில் ஒன்று போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

கண்காட்சிக்கு அறுபது லோரி தேவைப்பட்டது. நான் ஃபேக்டரிப் பக்கமே போகவில்லை. குச்சியைச் சீவினேன், பசை தடவினேன், பச்சையாகவே அடித்து இறக்கினேன். ரிங்லெட் பனியில் எல்லாம் கல் மாதிரி இறுகி நின்றது. குறடு போட்டு இழுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. நீ ஒன்றரை மாதத்தில் செய்கிறதைப் பத்து நாளில் முடித்துவிட்டேன் என்று புவனாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நீ இல்லாட்டி நான் என்னாண்ணே பண்ணியிருப்பேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. உன்னைவிட நான் கெட்டிக்காரன் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், மன்னித்துக்கொள்.

திரிங்காப்பில் மரக்கறி வியாபாரம் செய்கிற நம் பழைய கூட்டாளி ஒருவர் வேன் கொடுத்தார். உள்ளே ஏறினால் ஒரே கோஸ் வாசம். அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பாக்கியம் அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஆனாலும் மடியில் வைத்திருந்த பெட்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்றுவிட்டார். கடை முகப்பில் காட்சிக்கு வைக்கிற லோரி அதில்தான் இருந்தது. தாப்பாவில் வெயில் சுள்ளென்று அடித்தது. ரொட்டி சானாய் கடையில் புவனா சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீசை எங்களிடம் ஒப்பித்தாள். நடுவில் மறந்துபோய் அவளே சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

நெடுஞ்சாலை முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. நீ இருந்தால் வேனை யார் ஓட்டுவது என்று நமக்குள் சண்டை வந்திருக்கும் என்றாள் அவள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்னால் அறுபது லோரியும் அந்த வேக்காட்டில் காய்ந்துகொண்டே வருவதை நான் எங்கே நினைத்தேன்?

கண்காட்சி மண்டபம் நம் தமிழ்ப் பள்ளித் திடலைப் போல நாலு மடங்கு இருக்கும். குளிர் நம் மலையைவிட அதிகம், ஆனால் நம் குளிர் இல்லை. பனியே இல்லாத வறட்டுக் குளிர். இரண்டாம் நாளே பாக்கியம் அக்காவின் உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷி உதடே வெடிக்கிற இடத்தில் மரம் என்ன பாடுபடும் என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு சீன மேடம் வந்தார். பல ஊர்களில் இருக்கிற பொம்மைக் கடைகளுக்கு அவர்தான் சாமான் தேர்ந்தெடுக்கிறவராம். உன் லோரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அந்தக் குட்டி முட்டைக்கோஸ்களை எண்ணினார், கடைசி நாள் தன் ஆட்களோடு வருவதாகச் சொன்னார். அன்றைக்குப் புவனா சாப்பிடவே இல்லை. பசிக்கவில்லை என்றாள்.

கடைசி நாள் சொன்னபடியே நாலு பேரோடு வந்தார். லோரியை எடுத்து, இரண்டு விரலால் சக்கரத்தைப் பிடித்து இழுத்தார். குச்சியோடு கழன்று அவர் கையில் வந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் வந்தது. மூன்றாவதை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சக்கரம் தானாக மேசையில் விழுந்து உருண்டது.

அவர் கோபப்படவில்லை, மச்சான். கோபப்பட்டிருந்தால் தேவலை. குச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, ஒரு வயதுப் பிள்ளையின் தொண்டை இவ்வளவுதான் இருக்கும் என்றார். இதை வடிவமைத்தது யார் என்று கேட்டார். என் கணவர் என்றாள் புவனா. வண்டி அழகு, ஆனால் சக்கரம் மாட்டுகிற முறையே தப்பு, அதைச் சரிபண்ணித் தீபாவளிக்குள் புதிதாக ஆறு வண்டி அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புவனா என் பக்கம் திரும்பினாள். "அவரு செஞ்ச மாதிரியேதானேண்ணே செஞ்ச?"

"ஆமா. எல்லாம் அவரு செஞ்ச மாதிரிதான்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பட்டறையிலிருந்து சாக்கு எதுவும் வெளியே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது தஞ்சோங் மாலிம் வரை புவனா கழன்ற சக்கரங்களை மடியில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். அப்புறம் உன்னைத் திட்ட ஆரம்பித்தாள். பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமானை இப்படியா செய்வார், இவரை நம்பி எத்தனை பிள்ளைகளுக்கு விற்றிருப்போம், யாருக்காவது என்னவாவது ஆகியிருந்தால் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டிச் சொல்லியிருக்கலாம். எத்தனை ஓரம் வந்தது அந்த வழியில்!

மறுநாளே பிரிஞ்சாங் கடைகளுக்குப் போய், நீ செய்து விற்காமல் மீந்திருந்த லோரிகளையெல்லாம் வாங்கி வந்து மூட்டை கட்டிப் போட்டுவிட்டாள். கேட்கிறவர்களிடமெல்லாம், கோயிலில்கூட, "அவரு தப்பா பண்ணி வச்சிட்டுப் போய்ட்டாரு" என்கிறாள். உன் படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். மேடம் கொடுத்த அட்டை மேசையில் கிடக்கிறது. அதை எடுத்துக் காட்டி, ஆறு வண்டி செய்து அனுப்பலாமா என்று கேட்டேன். செய்தவரே இல்லை, தப்பை யார் வந்து திருத்துவது என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை தவுக்கேயிடம் சாவி போகிறது.

அவள் இல்லாத நேரத்தில் அந்த மூட்டையைப் பிரித்தேன். நீ செய்த லோரி ஒன்றை எடுத்துச் சக்கரத்தை இழுத்தேன், வரவில்லை. குறடு போட்டேன், வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். என் பல்தான் வலித்தது. கிடங்கின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், மச்சான். உன் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

அப்புறம் ஃபேக்டரிக்குப் போனேன். ஆறுமுகம் அண்ணன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "பச்சக் குச்சி கீழ போனா சுருங்கிப் போயிரும்லா. காஞ்ச குச்சிய அடிச்சாத்தான் நிக்கும். அதுக்குத்தானே ஒம் மச்சான் மழையிலயும் வந்து பொரட்டிட்டுப் போனான்" என்றார். டீ ஊற்றிக் கொடுத்தார், என்னால் குடிக்க முடியவில்லை. இப்போது புதுக் குச்சிகள் ஒரு சாக்கு அந்த டிரையர் பக்கத்தில் கிடக்கிறது. தீபாவளிக்குள் காய்ந்துவிடும். காய்ந்து என்ன, அவளிடம் உண்மையைச் சொல்லாமல் அதை எப்படி வெளியே எடுப்பேன்?

நாலு தடவை சொல்லப் போனேன். ஒரு தடவை அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நானே பேச்சை மாற்றிவிட்டேன். மற்ற இரண்டு தடவையும் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நேற்று பாக்கியம் அக்கா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, நீங்களே சொல்லிருங்க. என் வாயால வந்தா அந்தப் புள்ளைக்கு இன்னும் தாங்காது."

தனியாக அவளிடம் சொன்னால் போதாதா, பத்திரிகையில் எதற்கு என்று நீ கேட்பாய். உன் பெயர் கெட்டது முப்பது பேர் முன்னால். அப்புறம் ரிங்லெட் முழுக்க. அதைச் சமையல்கட்டில் வைத்து ரகசியமாக நான் கழுவ முடியாது. எங்கே கெட்டதோ அதைவிடப் பெரிய இடத்தில் சொல்ல வேண்டும். குணா செய்த லோரியில் ஒரு சக்கரமும் கழன்றதில்லை. கழன்றது எல்லாம் சிவா செய்தது. அவசரப்பட்டது நான், பொய் சொன்னது நான்.

ஆனால் அவள் இதை ஞாயிற்றுக்கிழமை ஊரோடு சேர்ந்து படிக்கக் கூடாது. நாளைக் காலை பட்டறையைத் திறந்ததும் அவள் கையில்தான் முதலில் கொடுப்பேன். அனுப்பு என்று அவள் சொன்னால்தான் அனுப்புவேன். சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நம் மூன்று பேரோடு நின்றுவிடும், ஆனால் நடந்ததை நான் வீடு வீடாகப் போய்ச் சொல்வேன்.

எனக்குப் பயம் அவள் என்னைத் திட்டுவாள் என்று இல்லை. இத்தனை நாளும் உன்னைத் திட்டினோமே என்று அவள் அழப்போகிறாளே, அதற்குத்தான். நீ போனபோது ஒரு தடவை அவள் உன்னை இழந்தாள். இரண்டாம் தடவை உன்னை அவளிடமிருந்து எடுத்தது நான். திருப்பிக் கொடுக்கிறேன், மச்சான். அவள் படித்து முடிக்கிறவரை அங்கேயே நிற்பேன், முகத்தைத் திருப்ப மாட்டேன், இது சத்தியம்.

உன் மச்சான்,
புவனாவின் அண்ணன்
சிவா